மணிக்கட்டில் ஓடும் நாள்கணக்கு: ‘டைமர்’ (2009) படம் பற்றிப் பேசலாம் வாங்க

கூடல்வாசி

இந்தப் படத்தை இவ்வளவு காலம் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று இருக்கிறது. 2009-இல் நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட சின்னப் படம். எழுதி இயக்கியவர் ஜாக் ஷேஃபர். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிடாதீர்கள், பெண் இயக்குநர். அவருக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். முடிவைத் தொடாமல் இதைப் பற்றிப் பேச முடியாது, அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். திரி எங்கேயும் போய்விடாது.

கதை லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கிறது. எல்லாம் நம் காலத்து உலகம் மாதிரிதான், ஒன்று மட்டும் கூடுதல். மணிக்கட்டில் ஒரு சின்னக் கருவியைப் பதித்துக்கொள்ளலாம். உங்களுக்கென்று இருக்கிற துணையைச் சந்திக்க இன்னும் எத்தனை நாள் என்று அது குறைந்துகொண்டே வரும் கணக்காகக் காட்டும். அந்த நாள் வந்து, இருவரும் கண்ணோடு கண் பார்த்ததும் இருவர் கையிலும் மணி அடிக்கும். ஒரே நிபந்தனை, அந்த இன்னொருவரும் கருவி போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் உங்கள் திரை காலியாகவே கிடக்கும்.

ஊனாவுக்கு அந்தத் திரை காலி. பல்லுக்கு கிளிப் போடுகிற டாக்டர், 30 வயது நெருங்குகிறது. எம்மா கால்ஃபீல்ட் நடித்திருக்கிறார். பழகுகிற ஒவ்வொருவனையும் கருவி போடும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அவன் கையில் எண் வந்து, தன் திரை காலியாகவே இருந்துவிட்டால், அவளுக்கு அதோடு அந்த உறவு முடிந்தது. அந்தக் கடைக் காட்சியை நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். அவள் பக்கத்தில் இருக்கிற ஆள் முகத்தைப் பார்ப்பதே இல்லை, தன் மணிக்கட்டைத்தான் பார்க்கிறாள்.

அப்புறம் மைக்கி வருகிறான். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பையன், அவளைவிட இளையவன். அவன் கையில் இன்னும் நான்கு மாதம் என்று காட்டுகிறது. எப்படியும் முடியப்போகிற உறவுதானே என்று இருவரும் பழகுகிறார்கள், பழகப் பழக முடிக்க மனம் வருவதில்லை. அவன் கையில் இருந்தது போலிக் கருவி என்று பின்னால் தெரிகிறது. இதற்கிடையில் ஊனாவின் திரையில் எண் ஓடத் தொடங்கிவிடுகிறது. மணி அடிப்பது டான் என்பவனோடு. அந்த டான், அவளுடைய மாற்றாந்தந்தையின் மகள் ஸ்டெஃப் அப்போது மனதைக் கொடுத்திருக்கிற ஆள்.

எனக்குக் கடைசிப் பகுதியில் சம்மதம் இல்லை. ஒன்றரை மணி நேரம் அந்தக் கருவியை எதிர்த்து வாதாடிவிட்டு, முடிவில் கருவி சொன்ன ஆள் பக்கமே படம் போய் நிற்கிறது. மைக்கியோடு இருந்தபோதுதான் ஊனா சிரித்தாள். அதற்கு ஒரு மதிப்பும் இல்லையா?

நெய்தல்

கூடல்வாசி, நான் இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவள். முதல் தடவை எனக்கும் உங்கள் கோபம்தான் வந்தது.

ஆனால் மைக்கியோடு அவளைச் சேர்த்து வைத்திருந்தால் அது எல்லோரும் எடுக்கிற படம். கருவி பொய், காதல் மெய் என்று கைதட்டி எழுந்து போயிருப்போம். ஷேஃபர் அந்தச் சுலபமான கதவைச் சாத்திவிட்டார். கருவி சொன்னது உண்மையாகவே பலிக்கும் என்று வைத்துக்கொண்டால் மனிதன் என்ன ஆவான் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அது பலித்தால்தானே அந்தக் கேள்வி நிற்கும்?

இன்னொன்று. ஊனாவையும் டானையும் சேர்த்து வைத்து மேளம் கொட்டவில்லை படம். இருவரும் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பிப்பதோடு நிறுத்திவிடுகிறது. மணி அடித்துவிட்டது, இனி என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்தத் தயக்கம் ரொம்பப் பிடித்தது.

கணக்குப்பிள்ளை

கருவியின் விதியைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் ஜோசியம் மாதிரி இருக்கிறது, ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது.

இருவரும் போட்டிருந்தால்தான் எண் வரும். அப்படியானால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு இருவரும் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதும் அந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்க வேண்டும். நாளைக்கு உன் ஆளைப் பார்ப்பாய் என்று கையில் காட்டினால், நாளைக்கு நீங்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவீர்கள். எதிரில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பீர்கள். மணி அடித்ததும் அந்த ஆளுக்கு, வேறு யாருக்கும் கொடுக்காத பொறுமையைக் கொடுப்பீர்கள். முதல் சண்டை வந்தால் விட்டுவிட்டுப் போகமாட்டீர்கள். இத்தனைக்கும் பிறகு அந்த உறவு நிலைத்தால், அதைக் கருவி கண்டுபிடித்ததா, உண்டாக்கியதா?

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னதாலேயே பலிக்கிற வாக்கு என்று சொல்லலாம். அவர் எடுத்துக்காட்டியது ஒரு வங்கி. நன்றாக நடக்கிற வங்கி திவாலாகப் போகிறது என்று புரளி கிளம்புகிறது. எல்லோரும் ஓடிப்போய்ப் பணத்தை எடுக்கிறார்கள், வங்கி உண்மையிலேயே திவாலாகிறது. டைமரில் நடப்பது அதன் இனிப்பான பக்கம்.

டானைப் பாருங்கள். அவன் கையில் முதலில் கருவியே கிடையாது. ஸ்டெஃபோடு நெருங்கிய பிறகுதான் போட்டுக்கொள்கிறான். அவன் போட்டதும் ஊனாவின் காலித் திரையில் எண் ஓடுகிறது. ஆக, ஸ்டெஃபின் அன்பு இல்லாவிட்டால் ஊனாவுக்கு எண்ணே வந்திருக்காது. திரைக்கதையில் இவ்வளவு இறுக்கமான கணக்கை வைத்துவிட்டு, அதை யாரும் வசனமாகப் பேசாமல் விட்டிருக்கிறார்கள். அதற்காகவே ஷேஃபருக்கு ஒரு வணக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரையில் வருவது சந்திக்கிற நாள் மட்டும். சேர்ந்து வாழப்போகிற நாட்களுக்கு அதில் எண் கிடையாது.

மல்லிகா_திருச்சி

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். இந்தத் திரியைப் பார்த்துவிட்டு, படத்தையும் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன். நம் ஊரில் இதைப் பத்துப் பொருத்தத்தோடு ஒப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. பொருத்தம் பார்ப்பது இரண்டு ஜாதகம் கையில் வந்த பிறகு. ஊனாவின் கையில் இருப்பது, வியாழ நோக்கம் எப்போது வரும் என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி.

எனக்கு 24 வயதில் ஒரு ஜோசியர் இந்தப் பெண்ணுக்கு 29-க்கு மேல்தான் என்று சொல்லிவிட்டார். நல்லெண்ணத்தில் சொன்னவர்தான், அவரை நான் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் என்னைப் பார்க்கிற பார்வை மாறிப்போனது. 29-க்கு முன்னால் வந்த வரன்களை அம்மா முழு மனதோடு விசாரிக்கவே இல்லை, எப்படியும் இது அமையாது என்று. 28 ஆனதும் எல்லாம் தலைகீழ். இனி எந்த நேரமும் வரலாம் என்று ஆகிவிட்டது. பீரோவின் மேல் தட்டில் இரண்டு பட்டுப்புடவையை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார் அம்மா. மாதம் ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடித்து வைப்பார், மடித்த இடத்தில் ஜரிகை இற்றுவிடும் என்று. அந்த வருஷம் எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு வேலை கிடைத்தது. நல்ல வேலை. கல்யாணம் கூடி வருகிற நேரத்தில் எதற்கு வெளியூர் என்று போகவிடவில்லை. நானும் சண்டை போடவில்லை. எனக்குள்ளும் அந்த 29 உட்கார்ந்திருந்தது.

32-இல்தான் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர், நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் 24-லிருந்து 32 வரை நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், காத்திருந்தேன் என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை. தையல் கற்றேன், பாதியில் விட்டேன். இந்தி பரீட்சை எழுதினேன், அதையும் பாதியில் விட்டேன். எதைத் தொட்டாலும், இதை முடிப்பதற்குள் நாள் வந்துவிடும் என்றே தோன்றும். ஊனா ஒவ்வொருவனையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணை யாராவது உட்காரவைத்து ஒரு டம்ளர் காபி கொடுக்கமாட்டார்களா என்று இருந்தது.

நெய்தல்

அக்கா, மடிப்பை மாற்றி மடித்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. எழுதியதற்கு நன்றி. அடிக்கடி எழுதுங்கள்.

கூடல்வாசி

மல்லிகா அக்கா, இதைப் படித்த பிறகு என் முதல் பதிவையே திருப்பி எழுத வேண்டும்போல் இருக்கிறது. நான் கருவி சரியா தவறா என்பதில் நின்றுவிட்டேன். அது சரியாகவே சொன்னாலும், அதற்கு முந்தைய வருஷங்களைத் தின்றுவிடுகிறதே, அதைத்தான் படம் காட்டுகிறது என்று இப்போது புரிகிறது.

ஆனாலும் மைக்கி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அவன் போலிக் கருவி போட்டதை ஏமாற்று என்று மட்டும் பார்க்காதீர்கள். கருவி போட்ட பெண்கள் கருவி இல்லாதவனிடம் பயந்து பயந்துதான் பழகுவார்கள். கருவி போட்டு, நாளும் குறித்தாகிவிட்டவனிடம் எதிர்பார்ப்பு இல்லாமல் பழகலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் அவன் அதை ஒட்டிக்கொள்கிறான். தப்புதான். ஆனால் அந்தப் பொய்க்குள் உட்கார்ந்துகொண்டு அவன் காட்டிய அன்பு பொய்யில்லை. நான்கு மாதத்தில் முடியும் என்று ஊனா நம்பியதால்தான் அவள் கதவைத் திறந்தாள். நாள் குறித்துவிட்ட உறவில் அவள் நாளை மறந்தாள். படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

தரவுக்காரன்

உண்மையிலேயே இப்படி ஒரு கருவி சாத்தியமா என்று யாரும் கேட்கவில்லை. நான் தரவுப் பகுப்பாய்வு வேலையில் இருப்பவன், அதனால் இந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

கணினியை வைத்து ஜோடி சேர்க்கிற ஆசை புதியது இல்லை. 1965-இலேயே ஹார்வர்டு மாணவர்கள் ஆபரேஷன் மேட்ச் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கேள்வித்தாளை நிரப்பி 3 டாலர் அனுப்பினால், கணினி உங்களுக்குப் பொருத்தமானவர்களின் பெயரைத் தபாலில் அனுப்பும்.

கணக்குப்பிள்ளை சொன்னதற்கு நேரடியான சான்று 2014-இல் வந்தது. ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளத்தை நடத்தியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர், தங்கள் பயனர்கள்மேல் செய்த சோதனையை வெளிப்படையாக எழுதினார். தளத்தின் கணக்குப்படி 30 சதவீதம் மட்டுமே பொருந்துகிறவர்களிடம், உங்களுக்கு 90 சதவீதம் பொருத்தம் என்று காட்டினார்கள். 30 என்று உண்மையைச் சொன்னபோது, அனுப்பிய முதல் செய்தி நாலு செய்தி கொண்ட உரையாடலாக வளர்ந்தது 100-க்கு 10 தடவை. 90 என்று பொய் சொன்னபோது 17. உண்மையிலேயே 90 உள்ளவர்களிடம் 90 என்று சொன்னபோது 20. அந்த 17-க்கும் 20-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இருவரும் பொருத்தம் என்று நம்புவதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சொல்லாமல் செய்த சோதனை என்பதால் அவர்கள்மேல் கடும் கண்டனமும் வந்தது, அது நியாயமான கண்டனம்.

2017-இல் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கெல் மூவரும், தரவுகளிலிருந்து கணினி தானே கற்றுக் கணிக்கிற இயந்திரக் கற்றலை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒவ்வொருவரிடமும் சில நிமிடம் மட்டும் பேசிப் பார்க்கிற துரித டேட்டிங்குக்கு வந்தவர்களிடம், யாரையும் சந்திக்கும் முன்பே 100-க்கும் மேற்பட்ட குணங்கள், விருப்பங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பொதுவாக யார் மற்றவர்களை எளிதில் விரும்புவார், யார் பலரால் விரும்பப்படுவார் என்பதை இயந்திரம் ஓரளவு சொல்லிவிட்டது. ஆனால் குறிப்பாக இந்த இருவருக்குள் பிடித்துப்போகுமா என்று கேட்டால் அதனால் சொல்ல முடியவில்லை. நான் தினமும் இப்படிப்பட்ட கணிப்பு மாதிரிகளைக் கட்டுகிறவன். அந்தத் தாளைப் படித்தபோது தோற்றுப்போன உணர்வு வரவில்லை, மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

பாணன்

படத்தில் சிரிப்பும் இருக்கிறது, அதைப் பற்றியும் யாராவது பேசுங்கள். ஊனாவின் தம்பி ஜெஸ்ஸிக்கு 14 வயது. அவன் கையில் கருவி போட்டதும் மூன்று நாள் என்று காட்டுகிறது! அக்கா வருஷக்கணக்கில் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மீசை முளைக்காத பையனுக்கு மூன்று நாளில் ஆள் வருகிறது. வருவது அந்த வீட்டில் வேலை செய்கிற அம்மாளின் மகள் சோலெடாட். இதே பையன் இந்தப் பெண்ணைக் கருவி இல்லாமல் காதலித்திருந்தால் அந்த வீடு என்ன சொல்லியிருக்கும்? வர்க்கத்தையும் மொழியையும் தாண்ட அந்தக் குடும்பத்துக்கு ஒரு கருவியின் சிபாரிசு தேவைப்படுகிறது. நகைச்சுவையாகத்தான் கடந்து போகிறார்கள், ஆனால் எனக்குள் அது தங்கிவிட்டது.

இதே இயக்குநர்தான் பின்னால் 2021-இல் ‘வாண்டாவிஷன்’ தொடரை உருவாக்கினார். எம்மா கால்ஃபீல்டுக்கு அதிலும் ஒரு பாத்திரம் கொடுத்தார். இழந்த துணையை விடமுடியாமல் ஒரு ஊரையே தன் கற்பனை உலகமாக மாற்றிக்கொள்கிற பெண்ணின் கதை அது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரே கையெழுத்து தெரியும்.

நெய்தல்

ஸ்டெஃபைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வருத்தம். அவள் திரையில் எண் இருக்கிறது, ஆனால் 43 வயதில்தான் ஆளைப் பார்ப்பாள். அதுவரைக்கும் எதுவும் கணக்கில் சேராது என்று ஒரு இரவு, ஒரு ஆள் என்று காலத்தை ஓட்டுகிறாள். ஊனாவுக்கு நாள் தெரியாமல் தவிப்பு, இவளுக்கு நாள் தெரிந்த சோம்பல். அப்படிப்பட்டவள் கருவியே இல்லாத டானிடம் மனதைக் கொடுக்கிறாள். அவள் எந்த எண்ணையும் பார்க்காமல் எடுத்த ஒரே முடிவு அது. அதைத்தான் அவளிடமிருந்து பிடுங்குகிறார்கள். மணி அடிக்கிற நேரத்தில் ஊனாவைப் பார்க்காதீர்கள், ஸ்டெஃபைப் பாருங்கள். மிஷெல் போர்த் அந்த இடத்தில் செய்திருக்கிற நடிப்புக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வைகறை

எனக்கு 61 வயது. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்தத் திரியைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். ஆளுக்கு ஒருவர்தான் என்று இந்தக் கருவி கணக்கு வைத்திருக்கிறதே, அந்த ஒருவர் போன பிறகு திரையில் என்ன காட்டும்? காலியாகிவிடுமா, இல்லை புதிதாக எண் ஓடுமா? புதிதாக ஓடினால் அதைப் பார்க்க என்னால் முடியாது. காலியாக இருந்தால் அதையும் பார்க்க முடியாது.

எங்களுடையது வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம். முதல் இரண்டு வருஷம் ஒருவருக்கொருவர் பிடிக்கவே இல்லை என்பதைப் பின்னால் இருவரும் ஒத்துக்கொண்டோம். பிடித்துப்போனது எந்த நாள் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அவளுக்கு டைபாய்டு வந்து நான் கஞ்சி வைத்துக் கொடுத்த நாளாக இருக்கலாம், உப்புப் போட மறந்திருந்தேன், குடித்துவிட்டாள். அந்த நாளில் எந்தக் கருவியும் மணி அடித்திருக்காது. கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி, அது சந்திக்கிற நாளை மட்டும்தானே எண்ணுகிறது.

கணக்குப்பிள்ளை

வைகறை ஐயா, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. விதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் உப்பில்லாக் கஞ்சியை வைத்துப் பார்த்தால், எண்ண வேண்டியதை விட்டுவிட்டு, எண்ணச் சுலபமானதைத்தான் அந்தக் கருவி எண்ணிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

மல்லிகா_திருச்சி

நேற்று ராத்திரி என் மகளோடு திரும்பப் பார்த்தேன். அவளுக்கு 19 வயது, காமர்ஸ் படிக்கிறாள். என் 24 வயதுக் கதை அவளுக்கு நேற்றுவரை தெரியாது. படம் ஓடும்போதே சொன்னேன். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

முடிந்ததும் அவள் கேட்டது: “அம்மா, ஊனா சாமான் வாங்கினப்போ மைக்கிதானே பில் போட்டான்? அந்தப் பில்லுல தேதி, நேரம் எல்லாம் பிரிண்ட் ஆகியிருக்குமே. அதை அவ வச்சிருப்பாளா, கிழிச்சுப் போட்டிருப்பாளா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் யாராவது சொல்லுங்கள், அவள் காலையில் படிப்பாள்.

கூடல்வாசி

வச்சிருப்பா என்று சொல்லுங்கள் அக்கா. மருத்துவமனைக் கோட்டுப் பையில், நாலாக மடித்து.